படிவமா, பத்திரமா? கிராஃப் போடுறதைப் பத்தி ஒரு பேங்க்காரனின் கணக்கு

டிஸ்கி: நான் படிச்சது பி.காம். கம்ப்யூட்டர் சயின்ஸ் வாசனையே கிடையாது. அதனால இதுல 'டெக்னிக்கல் டீப் டைவ்' எல்லாம் எதிர்பார்க்காதீங்க. பேங்க்ல உட்கார்ந்து வருஷக்கணக்கா எண்களைப் படமா மாத்தி மேலே அனுப்புறவன் பார்த்தது மட்டும் தான் இது.

போபால் வந்ததுலேர்ந்து என்கிட்ட அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "சார், எந்த ஃபண்டுல போடலாம்?" ரெண்டாவது இடம் சமீபத்துல மாறிடுச்சு. நம்ம ஆளுங்க வீட்டுப் பசங்க கேட்கிறாங்க: "அங்கிள், டேட்டா விஷுவலைசேஷனுக்குக் கோடிங் கத்துக்கணுமா, இல்ல ரெடிமேடா இருக்கிற டூல்ஸே போதுமா?" பையன் கேட்டு முடிச்சதும் அப்பா தனியா ஓரங்கட்டி, "அறுபதாயிரம் ரூபா கோர்ஸ் சார், கட்டலாமா?"ன்னு கேட்பார். உண்மையான கேள்வி அது தான் :)

ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட ஒரே தடவை எழுதிடலாம்னு இந்தப் பதிவு.

முதல்ல ரெண்டு கட்சி யார் யாருன்னு பார்த்துடலாம்.

ஒரு பக்கம் டெம்ப்ளேட் கட்சி. எண்களை ஒட்டினா படம் வந்துடும். 1985-ல வந்த எக்செல் தான் இதுல பெரியண்ணன். அப்புறம் 2003-ல ஆரம்பிச்ச டேப்லோ, 2015-ல முழுசா வெளிவந்த பவர் பி.ஐ., பத்திரிகைக்காரங்களை மனசுல வச்சு 2012-ல வந்த பெர்லின் டேட்டாராப்பர், 2022-ல கேன்வா வாங்கிப் போட்ட ஃப்ளரிஷ். பட்டியல் பெருசு. எல்லாத்துக்கும் வழி ஒண்ணு தான்: கிடைக்கிற படங்கள்ல ஒண்ணைத் தேர்ந்தெடு, எண்ணை ஊத்து, கலரை மாத்து, முடிஞ்சது.

இன்னொரு பக்கம் கோடு கட்சி. பைத்தான்ல மேட்ப்ளாட்லிப் (2003), ஆர் மொழியில ஜிஜிப்ளாட்2, பிரவுசருக்கு டி3 (2011). இதுல ஜிஜிப்ளாட்2-க்கு ஒரு வம்சாவளி உண்டு. லீலண்ட் வில்கின்சன் 1999-ல ஒரு புத்தகம் போட்டார். படத்துக்கும் ஒரு இலக்கணம் இருக்கு, பார் சார்ட், பை சார்ட்னு தனித்தனிச் சாதி கிடையாது, எல்லாமே சில அடிப்படைத் துண்டுகளோட சேர்க்கை தான் அப்படிங்கிறது அதோட சாரம். நியூசிலாந்துக்காரர் ஹேட்லி விக்கம் அதைப் பிடிச்சுக்கிட்டு ஜிஜிப்ளாட்டை எழுதினார். பெயர்ல இருக்கிற 'ஜிஜி' அந்தப் புத்தகத் தலைப்போட சுருக்கம்.

சரி, எது நல்லது? என் தொழில் பாஷையில சொல்றேன்.

பேங்க்ல நகைக் கடனுக்கு ஒரு அச்சடிச்ச படிவம் இருக்கும். பேர், விலாசம், எத்தனை கிராம், என்ன வட்டின்னு நிரப்பி, கையெழுத்து வாங்கி, பத்து நிமிஷத்துல பணம் கொடுத்துடலாம். அதுக்குப் போய் யாரும் வக்கீல் வைக்க மாட்டாங்க. அதே நேரத்துல, நாலு பேங்க் சேர்ந்து ஒரு ஆலைக்குக் கடன் கொடுக்கிறப்ப அச்சடிச்ச படிவம் உதவாது. வக்கீல் உட்கார்ந்து வரி வரியா பத்திரம் எழுதுவார். மாசக்கணக்குல ஆகும், ஃபீஸும் தீட்டுவார். இதுல படிவம் உசத்தியா பத்திரம் உசத்தியான்னு யாரும் சண்டை போடுறதில்லை. எந்தக் கடனுக்கு எதுன்னு தெரிஞ்சா போதும்.

டெம்ப்ளேட் படிவம். கோடு பத்திரம். இதை மனசுல வச்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

படிவத்துக்காக நாலு வார்த்தை

கோடு தெரிஞ்ச பசங்க டெம்ப்ளேட்டைக் கேவலமா பேசுறதைப் பார்த்திருக்கேன். அது சரியில்லை.

நாம இன்னைக்குப் போடுற லைன் சார்ட்டும் பார் சார்ட்டும் வில்லியம் பிளேஃபேர் 1786-ல போட்ட புத்தகத்துல வந்தது. பை சார்ட் அவரே 1801-ல போட்டது. இருநூறு வருஷத்துக்கு மேல ஜனங்க கண்ணுல பழகிப் போன வடிவங்கள். பார்த்த உடனே புரியுதுன்னா அந்தப் பழக்கமும் ஒரு காரணம். அப்புறம் 1984-ல கிளீவ்லாண்டு, மெக்கில்னு ரெண்டு பேர் ஆளுங்களை உட்கார வச்சு சோதனை பண்ணினாங்க. ஒரே அளவுகோல்ல பக்கத்துப் பக்கத்துல நிக்கிற புள்ளியையும் பாரையும் மனுஷன் துல்லியமா ஒப்பிடுறான், கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடச் சொன்னா தடுமாறுறான்னு கண்டாங்க. பை சார்ட்டை நிபுணர்கள் ஏன் திட்டுறாங்கன்னு இப்பப் புரியுதா?

நல்ல டெம்ப்ளேட்ல இந்தப் படிப்பினை எல்லாம் உள்ளேயே இருக்கும். பார் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கும். எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு விழாது. மொபைல்ல பார்த்தாலும் படிக்க முடியும். புதுசா கோடு கத்துக்கிட்ட ஒரு பையன் இதையெல்லாம் தானே யோசிச்சுப் போடணும்னா மூணு நாள் ஆகும், அப்பவும் ஒண்ணு விட்டுப் போகும்.

மாசா மாசம் ரிவ்யூ மீட்டிங்குக்குப் போற டெபாசிட் - கடன் கணக்குக்கு டெம்ப்ளேட் தான் சரி. போன மாசம் மாதிரியே இந்த மாசமும் இருக்கணும், பார்க்கிறவர் புதுசா எதையும் கத்துக்கத் தேவையில்லாம இருக்கணும், நான் லீவுல போனா பக்கத்து சீட்டுக்காரர் போட்டுக் கொடுக்க முடியணும். பத்துல எட்டு வேலை இப்படித் தான்.

தமிழ்ல கிராஃப் போடுறவங்களுக்கு இன்னொரு விஷயம். மேட்ப்ளாட்லிப்புக்கு நம்ம எழுத்தைக் கோர்த்து எழுத வெகுகாலம் தெரியாது. 'தேனி'ன்னு போட்டா இரட்டைக் கொம்பு தகரத்துக்குப் பின்னாடி போய் நிக்கும். அதைச் சரி பண்ண வேற துணை நிரல் தேடி அலையணும். பிரவுசர்ல ஓடுற டேட்டாராப்பர் மாதிரி டூல்ல இந்தத் தொல்லையே இல்லை, ஏன்னா பிரவுசருக்கு ஏற்கெனவே தமிழ் தெரியும். (டி3-யும் பிரவுசர்ல ஓடுறதால தப்பிச்சுடுது.)

படிவம் எங்கே கடிக்கும்?

டெம்ப்ளேட்டை யாரோ ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து செஞ்சிருக்கார். அவர் ஊர் வழக்கம் அதுல ஒட்டிக்கிட்டு வரும். நமக்குக் கடிக்கிற இடங்கள் சிலது:

1. லட்சம், கோடி. நீங்க ஒரு கோடியே இருபது லட்சம்னு கொடுத்தா அது '12 மில்லியன்'னு காட்டும். மேனேஜர் மனசுக்குள்ளே கோடியா மாத்திக்கிட்டு இருக்கிறதுக்குள்ள அடுத்த ஸ்லைடு வந்துடும். விண்டோஸ்ல ரீஜியனை இந்தியான்னு மாத்தினா எக்செல் நம்ம வழியில கமா போடும். டி3-ல மூணு - ரெண்டு - ரெண்டுன்னு பிரிக்கச் சொல்லலாம். இணையத்துல இருக்கிற ரெடிமேட் டூல் எல்லாம் இதைக் கேட்கும்னு சொல்ல முடியாது.

2. நிதியாண்டு. இது ரொம்ப நைசான கத்தி. மாசத்தோட பேரை வெறும் எழுத்தாக் கொடுத்தா பல டூல் ஆங்கில அகர வரிசையில அடுக்கிடும். அகர வரிசையில முதல் மாசம் எது? ஏப்ரல். நம்ம நிதியாண்டுல முதல் மாசம் எது? அதுவும் ஏப்ரல்! முதல் பாரைப் பார்த்துட்டு எல்லாரும் திருப்தியா இருப்பாங்க. ரெண்டாவது பார் மே இல்லை, ஆகஸ்டுன்னு யார் கண்ணுலயும் படாது. கோடு ஏறி இறங்கி இருக்கும், அதுக்கு ஒரு விளக்கமும் யாராவது சொல்லிடுவாங்க.

3. மேப். தெலங்கானா 2014-ல உருவானப்ப 10 மாவட்டம், 2016-ல 31, 2019-ல 33. நம்ம தமிழ்நாடு 32-லேர்ந்து 38 ஆனது 2019, 2020-ல. ரெடிமேட் மேப்புல பழைய மாவட்டம் இருந்தா தென்காசிக்காரர் தன் ஊரைத் திருநெல்வேலிக்குள்ளே தேடணும். அதை விடப் பெரிய சிக்கல் எல்லைக்கோடு. வெளிநாட்டு டூல் சிலது காஷ்மீரைப் புள்ளிக்கோடு போட்டுக் காட்டும். இந்திய சர்வே துறை மேப்போட ஒத்துப் போகாத இந்திய மேப்பை இங்கே வெளியிடுறது 1961-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். ஆபீஸ் பேர் போட்ட அறிக்கையில அது வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

4. துறையோட விதி. இது என் வயித்தெரிச்சல். தவணை 90 நாள் தாண்டினா வாராக்கடன்னு எல்லாருக்கும் தெரியும். பயிர்க் கடனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. குறுகிய காலப் பயிர்னா ரெண்டு பருவமும், நீண்ட காலப் பயிர்னா ஒரு பருவமும் தாண்டணும். ஆனா ரெடிமேட் டேஷ்போர்டு ஒண்ணுல 30, 60, 90ன்னு மூணு கட்டம், 90-க்கு மேல எல்லாம் சிவப்பு. இந்தப் பக்கம் சோயாவும் கோதுமையும் போடுற கிராமத்துப் பிராஞ்ச் ஒண்ணு அதுல ரத்தக்களரியா தெரிஞ்சுது. அந்த மேனேஜரை மீட்டிங்ல எழுந்து நிக்கச் சொல்லிக் கேள்வி கேட்டாங்க. அவர் சொன்ன பதில் விதிப்படி சரி. ஆனா சுவர்ல அஞ்சடி உயரத்துக்குச் சிவப்பு எரியுறப்ப வாய்ப்பேச்சு எடுபடுமா? எத்தனையோ வருஷ சர்வீஸ் போட்ட மனுஷன், டெம்ப்ளேட்ல ஒரு கட்டம் இல்லாததால தலைகுனிஞ்சு உட்கார்ந்தார்.

5. டேட்டா எங்கே போகுது? இலவசத் திட்டத்துல போட்ட படமும் எண்ணும் பொதுவெளியில கிடக்கும்னு பல தளத்துல விதியே இருக்கு. வாடிக்கையாளர் விவரத்தை அங்கே ஏத்துறது வேலைக்கே உலை. உங்க கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுற கோடுக்கு இந்தப் பயம் இல்லை.

பத்திரம் ஒரு தடவை காப்பாத்தின கதை

இப்ப நம்ம குடும்பங்களுக்குப் பக்கத்துல இருக்கிற உதாரணத்துக்கு வர்றேன்.

இங்கே பிப்ளானி பக்கம், பெல் டவுன்ஷிப்பை ஒட்டி, நாங்க சில குடும்பங்கள் சேர்ந்து 2014-லேர்ந்து ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துறோம். ஒரு அறை வாடகை, கரும்பலகை, ஊர்லேர்ந்து வாங்கிட்டு வர்ற பாடப் புத்தகம். அவ்வளவு தான் சொத்து. ஆரம்பிச்சப்ப 38 பிள்ளைங்க. 2019-ல 31. 2024 மார்ச்சுல 19.

அந்த மார்ச் கூட்டத்துல வரவு செலவுக் கணக்கோட ஒரு லைன் சார்ட்டும் வந்துச்சு. பொருளாளர் அக்கா ஒரு ரெடிமேட் டூல்ல அழகா போட்டிருந்தாங்க. கோடு இடது மேல் மூலையிலேர்ந்து வலது கீழ் மூலைக்கு சறுக்கு மரம் மாதிரி இறங்கிச்சு. அச்சு 15-லேர்ந்து ஆரம்பிச்சதால, 19 கிட்டத்தட்ட தரையைத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு. படம் பார்த்த எல்லாருக்கும் ஒரே அர்த்தம் தான் தோணுச்சு: பிள்ளைங்களுக்கு ஆர்வம் போச்சு. "மொபைல்லயே ஆப் இருக்கு சார், அதுல படிச்சுக்கட்டும். அறையைக் காலி பண்ணிடலாம்"னு ஒருத்தர் சொன்னார். தலைகள் ஆடிச்சு. பத்து வருஷ வகுப்பு, அஞ்சு நிமிஷத்துல முடியுற மாதிரி ஆச்சு.

அந்த அறையில ஒரு இன்ஜினியரிங் கடைசி வருஷப் பையன் இருந்தான். 2014-ல அதே வகுப்புல 'அம்மா, ஆடு' எழுதினவன். "அங்கிள், பழைய வருகைப் பதிவேடு எல்லாம் இருக்கா?"ன்னான். அக்கா வீட்டுப் பரண்ல பத்து வருஷ நோட்டும் இருந்துச்சு. முடிவை ரெண்டு வாரம் தள்ளி வச்சோம்.

பையன் என்ன பண்ணினான்னா, மொத்த எண்ணிக்கையை விட்டுட்டான். பிள்ளைக்கு ஒரு வரி. சேர்ந்த மாசம், விட்ட மாசம், விட்ட காரணம். காரணம் தெரியாததுக்கு அவனும் அக்காவும் உட்கார்ந்து ராஞ்சி, விசாகப்பட்டினம், திருச்சின்னு ஃபோன் போட்டாங்க. மொத்தம் 112 பிள்ளைங்க. அப்புறம் கோடு எழுதி ஒரே தாள்ல 112 கிடைக்கோடு போட்டான். ஒவ்வொரு கோடும் ஒரு பிள்ளை. சேர்ந்த மாசத்துல ஆரம்பிச்சு விட்ட மாசத்துல நிக்கும். அப்பா அம்மாவுக்கு மாத்தல்னா நீலம், பத்தாவது - பன்னெண்டாவது பரீட்சைன்னா மஞ்சள், தானா நின்னுட்டா சிவப்பு, இன்னும் வர்றாங்கன்னா பச்சை.

விட்டுப் போன 93 பேர்ல மாத்தல் 58. பரீட்சை 24. தானா நின்னது 11. பத்து வருஷத்துல வெறும் பதினொண்ணு!

அறையே கொஞ்ச நேரம் அமைதியா இருந்துச்சு. அப்புறம் அம்மாக்கள் எல்லாம் எழுந்து போய், தாள்ல தங்களுக்குத் தெரிஞ்ச கோட்டைத் தேட ஆரம்பிச்சாங்க. "இது அந்த ரயில்வேக்காரர் பொண்ணு, இப்ப ஹூப்ளில இருக்கு." "இவன் அழுதுக்கிட்டே போனானே." நீலக் கோடு ஒவ்வொண்ணும் ஒரு லாரி நிறைய சாமான், ஒரு டி.சி., ஒரு புது ஊர். வட இந்தியாவுல குப்பை கொட்டுற நமக்கு அதுக்கு விளக்கவுரை வேணுமா?

ஆனா அந்தப் படம் காட்டின முக்கியமான விஷயம் கலர் இல்லை. கோடுகள் ஆரம்பிக்கிற இடம். 2015-லேர்ந்து 2019 வரைக்கும் புதுசா சேர்ந்தவங்க 54 பேர். 2020-லேர்ந்து 2023 வரைக்கும் 20 பேர் தான். இடது பக்கம் அடர்த்தியா இருந்த தாள், வலது பக்கம் வெளிறிப் போயிருந்துச்சு. பிள்ளைங்க போறது ஒண்ணும் புதுசு இல்லை, நம்ம பொழப்பே அது தான். புதுசா வர்றது தான் நின்னு போச்சு. காரணமும் உடனே விளங்கிடுச்சு. முன்னே வந்த தமிழ்க் குடும்பங்க பெல், ரயில்வேன்னு இந்தப் பக்கமே குடியிருந்தாங்க. இப்ப வர்றவங்க தனியார் கம்பெனி, ஆஸ்பத்திரி, ஐ.டி.ன்னு கோலார் ரோடு பக்கம் ஃபிளாட் எடுக்குறாங்க. ஊரோட அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடிக்கு ஞாயித்துக்கிழமை காலையில பிள்ளையைக் கூட்டிட்டு யார் வருவா? பாதிப் பேருக்கு வகுப்பு இருக்கிறதே தெரியாது.

அறையைக் காலி பண்ணலை. கோலார் ரோடுல ஒரு டாக்டரம்மா வீட்டு ஹால்ல ரெண்டாவது வகுப்பு ஆரம்பிச்சோம். ஒன்பது பிள்ளைங்க வர ஆரம்பிச்சாங்க.

இதைக் கேட்டுட்டு, "பார்த்தீங்களா, கோடு தான் ஜெயிச்சுது"ன்னு சொல்லாதீங்க. 58, 24, 11ன்னு மூணு பார் போட எக்செல்லுக்கு ஒரு நிமிஷம் போதும். ஜெயிச்சது பிள்ளைக்கு ஒரு வரின்னு இறங்கிப் போன வேலை. ஆனா அந்த வேலையைச் செய்யணும்னு அவனுக்குத் தோணினதுல கோடுக்குப் பங்கு உண்டு. டெம்ப்ளேட், "உங்ககிட்ட இருக்கிற எண்ணை எதுல போடட்டும்?"னு கேட்கும். கோடு எழுத உட்கார்றவன், "எதைக் காட்டணும்? அதுக்கு என்ன எண் வேணும்?"னு தன்னையே கேட்டுக்கணும். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-ல போட்ட படமும் அப்படித் தான். கிரிமியப் போர்ல சிப்பாய்ங்க செத்தது காயத்தால இல்லை, தடுத்திருக்கக் கூடிய நோயாலன்னு காட்ட அந்த அம்மாவுக்கு ஒரு வடிவம் தேவைப்பட்டுது, போட்டாங்க. கடையில இருந்த வடிவத்தை எடுத்துட்டு வந்து எண்ணைத் திணிக்கலை.

அப்புறம் பையன் புனே போயிட்டான்

கதை இன்னும் முடியலை. 2024 ஜூலையில பையனுக்குப் புனேல வேலை. அவனும் ஒரு நீலக் கோடு :)

2025 மார்ச் கூட்டத்துக்கு அதே படம் வேணும்னு எல்லாரும் கேட்டாங்க. கோடு அவன் லேப்டாப்புல. அக்காவுக்கு ஒரு காப்பி அனுப்பினான். அதை ஓட்ட முதல்ல பைத்தானைப் போடணும், அப்புறம் நிரல்களைப் போடணும், போட்டா பதிப்பு வேறன்னு சிவப்பு எழுத்துல திட்டுது. அக்கா ராத்திரி பத்து மணிக்கு வீடியோ கால்ல, "தம்பி, ஏதோ எரர் வருதுப்பா"ன்னு ஆரம்பிச்சு, பதினொண்ணரைக்கு அவனே அங்கேயிருந்து ஓட்டிப் படத்தை அனுப்பி வச்சான்.

கோடோட உண்மையான செலவு இது தான். எழுதுற செலவு ஒரு தடவை. காப்பாத்துற செலவு ஆயுசுக்கும். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி கட்டுற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இது தெரியணும். நான் போன பிராஞ்ச்ல எல்லாம், முன்னே இருந்த புத்திசாலி யாரோ எழுதி வச்சுட்டுப் போன மேக்ரோ ஒண்ணு கிடக்கும். என்ன செய்யுதுன்னு யாருக்கும் தெரியாது, தொடவும் பயம், அழிக்கவும் பயம். ஊர்க் கோடியில இருக்கிற முனியாண்டி மாதிரி.

அக்கா தான் வழி கண்டுபிடிச்சாங்க. "சார், வருஷா வருஷம் 112 கோடு எதுக்கு? புதுசா எத்தனை பேர், போனது எத்தனை, ஏன் போனாங்க, இந்த மூணு தெரிஞ்சா போதாதா?" இப்ப எக்செல்ல பிள்ளைக்கு ஒரு வரி அவங்களே ஏத்துறாங்க. சாதாரண பார் சார்ட் ரெண்டு. பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கும். அஞ்சு நிமிஷ வேலை. நாளைக்கு அவங்களுக்கே மாத்தல் வந்தாலும் அடுத்தவங்க போடலாம்.

பத்திரம் படிவமான கதை இது. நாம நகைக் கடனுக்கு நிரப்புற படிவமும் ஒரு காலத்துல யாரோ யோசிச்சு எழுதின பத்திரம் தானே? ஒரு தடவை கோடு எழுதி எதைப் பார்க்கணும்னு கண்டுபிடி, அப்புறம் அதைப் படிவமா மாத்தி எல்லார் கையிலயும் கொடுத்துடு. என்னோட கட்சி இது.

ஆடிட்டுக்கு எது தாங்கும்?

இது ஒண்ணுல மட்டும் நான் கோடு பக்கம் சாய்வேன். எக்செல்ல தப்பு கட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும். 2010-ல ரெண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள், ரெயின்ஹார்ட்டும் ரோகாஃபும், ஜி.டி.பி.யில 90 சதவீதத்துக்கு மேல அரசுக் கடன் போனா வளர்ச்சி விழுந்துடும்னு எழுதினாங்க. பல நாட்டுல அரசாங்கச் செலவை வெட்டணும்னு வாதாடினவங்க அதைக் காட்டினாங்க. 2013-ல ஒரு ஆராய்ச்சி மாணவர் அவங்க எக்செல் ஷீட்டை வாங்கிப் பார்த்தா, சராசரி ஃபார்முலாவுல அஞ்சு நாடு விட்டுப் போயிருந்துச்சு. தப்பு அது ஒண்ணு மட்டும் இல்லை, ஆனா எல்லாருக்கும் புரிஞ்ச தப்பு அது தான். 2020 அக்டோபர்ல பிரிட்டன்ல கிட்டத்தட்ட 16,000 கொரோனா கேஸ் கணக்குல வரலை. காரணம், பழைய எக்செல் வடிவத்துல 65,536 வரிக்கு மேல இடமில்லை.

கோடுலயும் தப்பு வரும். ஆனா எந்த எண்ணை எடுத்தோம், எதை விட்டோம், எப்படிக் கூட்டினோம்னு வரி வரியா எழுத்துல இருக்கும். பேங்க் பாஷையில ஒவ்வொரு பதிவுக்கும் வவுச்சர் இருக்கு. ஒருத்தரோட வேலை, ஒரு ஊரோட பணம் படத்தை நம்பி முடிவாகுதுன்னா, வவுச்சர் இருக்கிற வழி தான் மேல்.

அறுபதாயிரம் கட்டலாமா?

இப்ப அப்பாக்கள் கேள்விக்கு வர்றேன். கோடு எழுதுறதை ஏ.ஐ.யே செய்யுது. "இந்தப் பட்டியல்ல பிள்ளைக்கு ஒரு கோடு போடு, காரணத்துக்கு ஒரு கலர்"னு சொன்னா எழுதிக் கொடுத்துடுது. அப்ப படிப்பு வேண்டாமான்னா, வேணும். பேங்க்ல மேக்கர் - செக்கர்னு ஒரு விதி உண்டு. ஒருத்தர் போடணும், இன்னொருத்தர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். மேக்கர் இப்ப மலிவாயிட்டான். செக்கர் ஆகத் தெரிஞ்சிருக்கணும். ரெண்டாவது பார் மே இல்லை, ஆகஸ்டுன்னு பிடிக்கிறவன். பயிர்க் கடனுக்கு 90 நாள் கிடையாதுன்னு சொல்றவன்.

அதுக்குப் பிள்ளை முதல்ல கிராஃப் தாள்ல பென்சிலால நாலு படம் போடட்டும். அப்புறம் எக்செல், ஒழுங்கா. அப்புறம் பைத்தானோ ஆரோ ஏதாவது ஒண்ணு. ரெண்டுமே இலவசம், கத்துக்க இணையத்துல வண்டி வண்டியா பாடம் கிடக்கு. ஆறு மாசம் தானா போய்ப் பார்த்துட்டு, அப்பவும் பசி அடங்கலைன்னா கோர்ஸ் பத்திப் பேசலாம். அது வரைக்கும் அந்த அறுபதாயிரம் எஃப்.டி.யில இருக்கட்டும். (எந்த பேங்க்னு நான் சொல்ல மாட்டேன்!)

எதை எடுக்கிறதுன்னு சந்தேகம் வந்தா அஞ்சு கேள்வி போதும். ஒரே தடவையா, மாசா மாசமா? பார்க்கப் போறவருக்கு இந்த வடிவம் பழக்கமா? உங்களுக்கு மாத்தல் வந்தா யார் ஓட்டுவாங்க? தப்பு இருந்தா எங்கே தெரியும்? எண்கள் யார் வீட்டுக்குப் போகுது? கடைசியா, இந்தப் படத்தால யாராவது பாதிக்கப்படுவாங்கன்னா, அவங்களோட வரி அதுல இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

பி.கு.: உங்க ஊர்லயும் தமிழ் வகுப்பு நடந்துக்கிட்டு இருந்தா, டூல் எல்லாம் அப்புறம். ஒரு நோட்டு எடுத்து நாலு காலம் போட்டு வைங்க: பேர், சேர்ந்த மாசம், விட்ட மாசம், காரணம். வருகைப் பதிவேட்டை எடைக்குப் போட்டுடாதீங்க.